கருங்கரடிக்குச் சோலார் மின்வேலி: பெட்டியில் வருவது போதுமா?

கோழிக்கூட்டுக்கும் தேன்பெட்டிக்கும் என்று விற்கிற சோலார் மின்வேலி செட்டுகளில் இப்போதெல்லாம் கரடிப் படத்தையும் போட்டுவிடுகிறார்கள். வட அமெரிக்காவில் காட்டோரம் குடியிருப்பவர்கள் அந்தப் படத்தை நம்பி வாங்குகிறார்கள், பெட்டியில் இருந்ததை அப்படியே நடுகிறார்கள், சில நாளில் கூடு பிய்ந்து கிடக்கிறது. "கரடிக்கு மின்வேலி எல்லாம் உறைக்காது" என்ற பேச்சு இப்படித்தான் பரவுகிறது. நன்றாகவே உறைக்கும். கருங்கரடியைக் கூட்டுப் பக்கம் வரவிடாமல் வைக்க இதைவிட நம்பகமான சாதனம் கடையில் இல்லை. ஆனால் செட்டில் வருவது அரைகுறை வேலி. எது குறைகிறது என்று தெரிந்து சேர்த்துக்கொண்டால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

வழக்கமான சிறிய செட்டில் இருப்பவை இவை: சோலார் தகடும் பேட்டரியும் சேர்ந்த எனர்ஜைசர் (கம்பிக்கு மின்துடிப்பு அனுப்பும் பெட்டி), பாலிவயர் (உலோக இழை ஓடும் பிளாஸ்டிக் கயிறு) சுருள், பிளாஸ்டிக் கம்பங்கள், மண்ணில் அடிக்க ஒரு குட்டையான எர்த் கம்பி. சில செட்டுகளில் அந்த எர்த் கம்பிகூட இருக்காது.

எனர்ஜைசர் வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் "10 மைல்", "25 மைல்" கணக்கைப் பார்க்கவே வேண்டாம். ஒற்றைக் கம்பி, புல் எதுவும் படாத வேலி, நல்ல ஈர மண் என்ற கற்பனை நிலைக்குச் சொன்ன தூரம் அது. பார்க்க வேண்டியது ஜூல், அதாவது ஒவ்வொரு மின்துடிப்பிலும் உள்ள ஆற்றலின் அளவு. கரடிக்குக் குறைந்தது 0.7 ஜூல் வேண்டும் என்பதே வனவிலங்குத் துறைகள் வழக்கமாகச் சொல்லும் அளவு. மலிவான சோலார் பெட்டிகள் பலவும் 0.25 ஜூலுக்குக் கீழேதான் நிற்கின்றன. குதிரையை மேய்ச்சல் நிலத்துக்குள் வைத்திருக்க அது போதும், கரடிக்குப் போதாது. சேமிப்பு ஜூல், வெளியேறும் ஜூல் என்று இரண்டு எண்கள் இருந்தால் வெளியேறும் எண்தான் சிறியதாக இருக்கும். ஒரே எண்ணைப் போட்டுவிட்டு எது என்று சொல்லாத பெட்டியை வாங்காமல் விடுவதே நல்லது.

அடுத்தது எர்த். பெரும்பாலான வேலிகள் தோற்பது இங்கேதான். கம்பியில் ஓடும் மின்சாரம் கரடியின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாக எனர்ஜைசருக்குத் திரும்பினால்தான் அடி விழும். திரும்பும் வழி மோசமாக இருந்தால் மீட்டரில் 7,000 வோல்ட் காட்டும், கரடிக்கோ லேசான சுருக்கு மட்டுமே. செட்டில் வரும் முழ நீளக் கம்பியை ஒதுக்கிவிட்டு, 6 அடி நீள கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) கம்பிகள் மூன்றை 10 அடி இடைவெளியில் முழுதாக அடித்து இறக்கி, ஒரே கம்பியால் இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்குத் தாமிரக் கம்பி வேண்டாம். இரண்டு உலோகம் சேரும் இடம் அரித்து, ஒரு வருடத்தில் தொடர்பு விட்டுப்போகும். வீட்டு மின்சார எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி அடிக்க வேண்டும்.

எர்த் சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. எனர்ஜைசரை அணைத்துவிட்டு, அதிலிருந்து முடிந்தவரை தள்ளி இரும்புக் கம்பிகளை மின்கம்பிமேல் சாய்த்து மண்ணோடு தொடவிட்டு, மறுபடி போட வேண்டும். வேலியின் அளவு 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை கம்பிகளைக் கூட்டுங்கள். அந்த நிலையில் கடைசி எர்த் கம்பியில் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னொரு கம்பி அடிக்க வேண்டும். இதற்கு மின்வேலிக்கென்றே உள்ள டிஜிட்டல் மீட்டர்தான் உதவும். சாதாரண மல்டிமீட்டரால் இந்தத் துடிப்பை அளக்க முடியாது, கருகிப்போகவும் கூடும்.

மண் காய்ந்தோ பாறையாகவோ இருந்தால் எத்தனை கம்பி அடித்தாலும் பலன் குறைவு. அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாக மின்கம்பி, எர்த்கம்பி, மின்கம்பி என்று வேலியிலேயே கட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே தலையை நுழைக்கும் கரடிக்கு மண்ணின் துணை இல்லாமலே அடி விழும். கொலராடோ, மொன்டானா மாதிரி வறண்ட மாநிலங்களில் தொடக்கத்திலேயே இப்படிக் கட்டுவது நல்லது.

கம்பி வரிசைகள் ஐந்து வேண்டும்; செட்டோடு வரும் சுருள் பெரும்பாலும் மூன்றுக்குத்தான் காணும். தரையிலிருந்து 8 அங்குலத்தில் முதல் வரி, பிறகு 8 முதல் 10 அங்குலத்துக்கு ஒன்று, மேல்வரி 42 அங்குலத்துக்குக் குறையாமல். கருங்கரடி வேலியைத் தாண்டிக் குதிப்பதைவிட அடியில் புகுவதையோ நடுவில் தலையை விடுவதையோதான் முதலில் செய்யும், அதனால் கீழ் மூன்று வரிகளின் இடைவெளியில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கம்பங்கள் 8 முதல் 10 அடிக்கு ஒன்று. மூலைகளில் மட்டும் பிளாஸ்டிக் வேண்டாம், மரம் அல்லது இரும்பு போடுங்கள். பிளாஸ்டிக் வளைந்தால் கம்பி தொய்ந்துவிடும். இரும்புக் கம்பத்தில் ஒரே ஒரு இன்சுலேட்டர் விரிசல் விட்டாலும் மொத்த வேலியும் செத்துப்போகும். "டிக் டிக்" என்று பொறி தட்டும் சத்தம் கேட்கும் இடம்தான் பழுது. கூடோ தேன்பெட்டியோ வேலியிலிருந்து குறைந்தது 3 அடி உள்ளே இருக்க வேண்டும். மரக்கிளை வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள், அது கரடிக்குப் படிக்கட்டு.

பாலிவயர் கையாள எளிது, சின்னச் சுற்றுக்குப் போதும். ஆனால் அதற்குள் ஓடுவது முடிமாதிரி மெல்லிய எஃகு இழைகள். முடிச்சுப் போட்ட இடத்தில் இழை உள்ளேயே அறுந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. முடிச்சுக்குப் பதில் கிளாம்ப் போடுவது சரி. நிரந்தரமாக நிற்கப்போகிற வேலிக்கு 12.5 கேஜ் தடிமனில், இழுத்துக் கட்டத் தாங்கும் ஹை-டென்சைல் எஃகுக் கம்பியே நல்லது. கதவுப் பக்கம் மின்சாரத்தை மண்ணுக்கடியில் கொண்டுபோக வீட்டு வயரைப் புதைப்பார்கள். அதன் உறை 600 வோல்ட்டுக்குச் செய்தது, வேலியின் அழுத்தத்தில் கசிந்துவிடும். 20,000 வோல்ட் தாங்கும் மின்வேலி கேபிள் தனியாகக் கிடைக்கிறது.

பீநட் பட்டரை அலுமினியத் தாளில் தடவி மின்கம்பியில் தொங்கவிடும் பழக்கம் ஒன்று உண்டு. கரடியின் ரோமம் அடர்த்தியானது, முதுகோ தோளோ உரசினால் அடி அவ்வளவாக உறைக்காது. மூக்கிலோ நாக்கிலோ பட்டால்தான் அது மறக்காது. ஏற்கெனவே ஒரு கோழியைத் தின்றுபோன கரடி திரும்பி வரும் இடத்தில் இது நல்ல யோசனை. கரடியே வராத தோட்டத்தில் செய்தால் வராததை வரவழைத்த கதைதான். எப்படியும், மீட்டரில் 6,000 வோல்ட்டுக்கு மேல் காட்டாமல் தாளைத் தொங்கவிடக் கூடாது. முதல் நாளிலிருந்தே இரவு பகல் வேலி உயிரோடு இருக்க வேண்டும். செத்த கம்பியை ஒருமுறை தள்ளிப் பழகிய கரடி அடுத்த முறை தயங்காது.

கட்டியபின் பராமரிப்பு பெரும்பாலும் புல்தான். கீழ்க்கம்பியைத் தொடும் ஒவ்வொரு ஈரப் புல்லும் கொஞ்சம் மின்சாரத்தைக் குடிக்கும். வாரம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள், 5,000க்குக் கீழே இறங்கினால் காரணத்தைத் தேடுங்கள். வடக்கே பனிக்காலத்தில் கரடிகள் குகை சேர்ந்தபிறகு எனர்ஜைசரைக் கழற்றி வைக்கலாம். பேட்டரியை முழுதாக ஏற்றித்தான் வைக்க வேண்டும்; காலியாக வைத்த லெட்-ஆசிட் பேட்டரி வசந்தத்தில் எழாது. ஃப்ளோரிடா மாதிரி இடங்களில் கரடிகள் வருடம் முழுக்க நடமாடும், அங்கே கழற்றும் பேச்சே இல்லை. எச்சரிக்கைப் பலகை பெட்டியில் இல்லையென்றால் தனியாக வாங்கி மாட்டுங்கள்.

விலை என்று பார்த்தால், தேவையான ஜூலோடு எனர்ஜைசர், கூடுதல் எர்த் கம்பிகள், மீட்டர் எல்லாம் சேர்ந்து சில நூறு டாலர் ஆகும். எங்கள் கருத்து: செட்டாக வாங்காமல் எனர்ஜைசரைத் தனியாகத் தேர்ந்து, மீதியை விவசாயப் பொருள் கடையில் உதிரியாக வாங்குவதே மேல். சில மாநிலங்களில் செலவில் ஒரு பங்கை வனவிலங்குத் துறையோ தன்னார்வ அமைப்புகளோ தருகின்றன, வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கரடி வருவது குப்பைக்கு என்றால் இந்த வேலி வேண்டாத செலவு. அதற்குப் பூட்டு வைத்த குப்பைத்தொட்டி இருக்கிறது. மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள மையத்தில் உண்மையான கரடிகளிடமே கொடுத்து, 60 நிமிடம் கடித்தும் மிதித்தும் திறக்காததற்குத்தான் ஐஜிபிசி (அரசுத் துறைகள் சேர்ந்த கரடிப் பாதுகாப்புக் குழு) சான்று கிடைக்கும். அந்தச் சான்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தொட்டியைப் பூட்ட மறந்தாலோ, நிறைத்து மூடி பாதி திறந்து நின்றாலோ சான்றுக்கு மதிப்பில்லை. பறவைத் தீனிப் பெட்டிக்கு எந்தச் சாதனமும் வாங்க வேண்டாம், கரடி நடமாடும் மாதங்களில் கழற்றி உள்ளே வையுங்கள். இலையுதிர் காலத்தில் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தேடும் விலங்குக்குச் சூரியகாந்தி விதை கண்ணில் படாமல் போகாது.

வேலிக்கு வெளியே எதிரில் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரே. கேப்சைசினாய்டு (மிளகாயின் காரப்பொருள்) 1 முதல் 2 சதவீதம், அளவு குறைந்தது 7.9 அவுன்ஸ், பாயும் தூரம் 25 அடிக்கு மேல், இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண் என்ற நான்கையும் பாருங்கள். மனிதர்களுக்கான சாவிக்கொத்து ஸ்ப்ரே இதற்குச் சரிவராது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில், கருங்கரடியின் வேண்டாத நடத்தையை ஸ்ப்ரே 90 சதவீதம் தடுத்திருந்தது. கூட்டின்மேலோ படிக்கட்டிலோ முன்கூட்டியே அடித்து வைப்பது வீண், காய்ந்த எச்சத்தின் வாசனை கரடியை இழுக்கவும் கூடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் குப்பி வெடிக்கலாம். கரடிக்கு வெளியேறும் வழியை விட்டு, ஓடாமல், உரக்கப் பேசியபடி பின்னால் நகருங்கள். போகாமல் நெருங்கி வந்தால் மட்டும் அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து அடியுங்கள், மேகம் மேலெழும். எதிர்க்காற்று என்றால் ஒரு பக்கம் விலகி நின்று அடிப்பது நல்லது. அதையும் மீறித் தாக்கினால் கருங்கரடியிடம் செத்தமாதிரிப் படுப்பது உதவாது, கையில் கிடைத்ததைக் கொண்டு முகத்தில் அடித்துப் போராட வேண்டும். குப்பியின் காலாவதித் தேதி மூன்று நான்கு வருடத்தில் வந்துவிடும். அதன்பின் மிளகாயின் காரம் குறையாவிட்டாலும் உள்ளழுத்தம் குறைந்திருக்கும், பாயும் தூரம் பாதியாகிவிடக்கூடும்.