கிங் பின் மாற்றியதாக பில் போட்டுவிட்டு ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கி அனுப்பினார்கள்: பழைய லாரி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய லாரியின் முன்பக்கம் உதறுகிறது என்று பட்டறையில் விடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். வண்டி திரும்பி வரும்போது உதறல் நின்றிருக்கலாம். அதற்காகக் கோளாறு சரியாகிவிட்டது என்று ஆகாது. கோளாறை அப்படியே விட்டுவிட்டு உதறல் மட்டும் தெரியாமல் அமுக்கி அனுப்ப முடியும். எங்கள் வண்டிக்கு அதைத்தான் செய்தார்கள். முழு வேலைக்கும் பணம் வாங்கிக்கொண்டு செய்தார்கள் என்பதுதான் ஆத்திரம்.

வண்டி பழைய மாடல். முன்னால் ஒரே இரும்பாக வரும் ஆக்சில், கமான் பட்டை, இரண்டு பக்கமும் கிங் பின், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக நிற்கும் பின். இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கிவிடும். வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் விடும். சக்கரத்தில் பேலன்ஸ் இல்லாவிட்டால் வருகிற உதறல் வேறு மாதிரி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வரும், அதைத் தாண்டினால் பெரும்பாலும் குறையும். பள்ளம் தட்டியதும் பிடித்துக்கொண்டு, வேகம் குறையும் வரை விடாத உதறல் என்றால் கிங் பின், டை ராடு எண்ட் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனை ஜாயிண்ட்), வீல் பேரிங், கமான் புஷ் இதில் எங்கோ ஆட்டம் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பட்டறைக்காரரும் இதையேதான் சொன்னார். இரண்டு பக்கக் கிங் பின்னும் போய்விட்டது, டை ராடு எண்டும் சரியில்லை, உதறலை வாங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் டேம்பர் வேலை செய்யவில்லை என்றார். பில்லில் கிங் பின் செட், பின் ஓடும் வளையமான புஷ், த்ரஸ்ட் பேரிங், டை ராடு எண்ட், டேம்பர், புஷ்ஷின் உட்புறத்தைச் சரியான அளவுக்குக் குடைய ரீமர் போட்ட கூலி எல்லாம் இருந்தது. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டதற்கு "இரும்புக்குப் போட்டாச்சு" என்றார். வண்டி உதறாமல் ஓடியது.

லோடு ஏற்றிப் போய் வந்த டிரைவர்தான் முதலில் சொன்னார்: "அண்ணே, வளைவுல திருப்பினா ஸ்டியரிங் தானா திரும்பி வரமாட்டேங்குது. நேரா போறப்பவும் கனமா இருக்கு. சின்னச் சின்னதா திருத்திக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு." பட்டறைக்குப் போன் போட்டேன். "புது கிங் பின், டைட்டாத்தான் இருக்கும். கொஞ்சம் ஓடினா சரியாயிடும்" என்று பதில் வந்தது.

இந்தப் பதில் கேட்க நியாயமாக இருக்கும், அதுதான் ஆபத்து. புஷ்ஷுக்கு ரீமர் சரியாகப் போடாமல் புதுக் கிங் பின்னைச் செருகினாலும் ஸ்டியரிங் திரும்பி வராது என்பது உண்மை. அதனால் ஆளை நம்பவைப்பது சுலபம். ஆனால் இறுக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டிராக் லிங்கைக் கழற்றிவிட வேண்டும். இப்போது ஸ்டியரிங் பாக்ஸுக்கும் (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல் பெட்டி) சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. சக்கரத்தைக் கையால் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். சீராகத் திரும்பினால் கிங் பின்னில் இறுக்கம் இல்லை. அப்புறம் ஸ்டியரிங்கைத் தனியாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வரும்போது மட்டும் பிடித்தால் பாக்ஸை இறுக்கியிருக்கிறார்கள்.

வேறொரு பட்டறையில் இதைச் செய்து பார்த்தோம். சக்கரம் விரலால் தள்ளினாலே திரும்பியது. ஸ்டியரிங்கோ நடுவில் வந்ததும் கவ்வியது. பாக்ஸின் அட்ஜஸ்டிங் ஸ்குரூவைச் சுற்றியிருந்த அழுக்கில் ஸ்பேனர் பட்ட தடம் புதிதாக இருந்தது. அந்த ஸ்குரூவை முறுக்கினால் உள்ளே பல்லுக்குப் பல் இடைவெளி குறைந்து, ஆட்டம் போனது மாதிரி இருக்கும். பல்லுக்குப் பல் இடைவெளி நடுவில்தான் மிகக் குறைவாக இருக்கும்படி பாக்ஸைச் செய்திருப்பார்கள். அதனால்தான் அளவுக்கு மீறி இறுக்கினால் நடுவில் வரும்போது கவ்வ ஆரம்பிக்கும், பாக்ஸும் சீக்கிரம் கெடும். இதோடு புது டேம்பர் ஒன்றைப் போட்டுவிட்டால் உதறலைக் கொஞ்ச நாளைக்கு அது தாங்கிக்கொள்ளும். வேர் அங்கேயேதான் இருக்கும்.

அடுத்து கிங் பின். சக்கரம் தூக்கி இருக்கும்போதே டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினோம். நன்றாக ஆடியது. பிறகு ஒருவர் கேபினில் ஏறி பிரேக்கை மிதிக்க, மறுபடி ஆட்டினோம். பிரேக் பிடித்தால் டிரம்மும் ஸ்டப் ஆக்சிலும் (சக்கரம் மாட்டியிருக்கும் குட்டை அச்சு) ஒன்றாகிவிடும். ஆட்டம் அப்போது மறைந்தால் கோளாறு வீல் பேரிங்கில். மறையாமல் இருந்தால் கிங் பின்னில். எங்களுக்கு இடது பக்கம் மறையவே இல்லை. கம்பியால் நெம்பிப் பார்க்கக்கூட வேண்டாம், ஸ்டப் ஆக்சிலுக்கும், கிங் பின் செருகியிருக்கும் ஆக்சில் கண்ணுக்கும் நடுவில் அசைவு கண்ணுக்கே தெரிந்தது.

கிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் காட்டரின் நட்டைப் பார்த்தோம். அதன் மேல் பழைய பெயிண்ட், பெயிண்ட்டின் மேல் காய்ந்த சேறு. அதைக் கழற்றாமல் கிங் பின் வெளியே வரவே வராது. கழற்றி எடுத்தபோது பின்னின் கீழ்ப்பகுதியில் நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. கீழ் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. நிப்பிளிலிருந்து வரும் கிரீஸ் ஓட்டையும் கல்லாக அடைத்திருந்தது. எத்தனை தடவை கிரீஸ் அடித்தாலும் கீழே போயிருக்காது. பில்லில் எழுதியிருந்த புஷ், த்ரஸ்ட் பேரிங், ரீமர் கூலி எதுவும் அந்த ஆக்சிலைத் தொடவில்லை. லோடு வண்டியில், வளைவில் திரும்பி வராத ஸ்டியரிங்கோடு ஒரு மனிதரை ரோட்டில் அனுப்பியிருக்கிறார்கள். பணத்தைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டை ராடு எண்ட் மட்டும் உண்மையிலேயே மாற்றியிருந்தார்கள், ஆனால் புதிது இல்லை. தேய்ந்த ஒன்றைக் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்துப் போட்டிருந்தார்கள். புது எண்டில் கூம்பாக இருக்கும் பகுதி சுத்தமான, வழவழப்பான இரும்பாக இருக்கும். இதில் கூம்பின் மேல் வேறொரு ஆர்மில் உட்கார்ந்த வளையத் தடம் தெரிந்தது. மரைக்குள் பெயிண்ட் ஓடியிருந்தது. ஸ்பிளிட் பின் ஓட்டையின் விளிம்பு மழுங்கியிருந்தது. இந்த மூன்று இடங்களையும் கடையிலேயே பார்க்கலாம், டப்பா புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு டை ராடில் ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். டை ராடு எண்டைச் சோதிக்கும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இங்கும் அங்கும் கொஞ்சமாக ஆட்ட, நீங்கள் ஜாயிண்ட்டின் மேல் கை வைத்தால் ஆட்டம் கையிலேயே தெரியும்.

பழைய வண்டிக்குச் சாமான் தேடும்போது ஏமாற்ற இன்னும் வழி அதிகம். மாடல் பெயரைச் சொன்னதும் "இருக்கு" என்று ஒரு செட்டை எடுத்து வைக்கிற கடையில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே மாடல் லாரியில் வேறு வேறு ஆக்சில் வந்திருக்கும், இடையில் யாராவது ஆக்சிலையே மாற்றியும் இருப்பார்கள். ஆக்சிலில் தகடு இருந்தால் அதிலுள்ள எண், இல்லையென்றால் ஆக்சில் இரும்பிலேயே பதிந்திருக்கும் எண், இதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துப் போட்டோ பிடித்துக்கொண்டு போங்கள். கிங் பின்னை வெர்னியரால் அளக்கும்போது மேல், கீழ் பகுதிகளை நம்பாதீர்கள், புஷ்ஷில் ஓடித் தேய்ந்திருக்கும். ஆக்சில் கண்ணுக்குள் இறுக்கமாக இருந்த நடுப்பகுதிதான் உண்மை அளவைக் காட்டும். நீளமும் காட்டர் வெட்டு இருக்கும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

வீல் பேரிங்குக்கு வண்டி பெயரே தேவையில்லை. பேரிங்கின் மேலேயே எண் இருக்கும். கப்புக்கும் (வெளி வளையம்) கோனுக்கும் (உள் வளையம்) தனித்தனி எண் இருந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மி.மீ. வரிசை டேப்பர் பேரிங்கில் 32211 என்று இருந்தால் உள்விட்டம் 55 மி.மீ., அதாவது 11ஐ 5ஆல் பெருக்கினால் வருவது. அங்குல வரிசைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பேரிங் மட்டும் விற்கும் கடையில் எண்ணைக் கொடுத்தால், லாரி மாடல் நின்றுபோய் எத்தனை வருடமானாலும் பெரும்பாலும் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. கிங் பின்னும் ஆக்சில் எண்ணை வைத்துத் தேடியதில்தான் அகப்பட்டது.

புது புஷ் அடித்ததும் மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நீள ரீமரால் ஒரே நேர்க்கோட்டில் எடுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக எடுத்தால் பின் ஒரு பக்கம் கவ்வும். ரீமர் தேவையில்லாத புஷ்ஷும் உண்டு, அதற்கு ரீமர் கூலி வாங்கினால் கேளுங்கள். புஷ்ஷிலுள்ள ஓட்டை நிப்பிள் ஓட்டைக்கு நேராக வந்திருக்கிறதா என்று பின்னைச் செருகும் முன் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

வண்டியை விடும் முன்பு உதறல் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு நீங்களே தெரிந்துவைத்துக்கொண்டால் பட்டறையில் கதை விட முடியாது. சுமார் 1 மீட்டர் விட்டமுள்ள டயர் 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 5 சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றும். எண்ணிவிடலாம் போலத் தட்டித் தட்டி வருகிற உதறல் என்றால் சக்கரம், டயர், ரிம். நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடும் எஞ்சின் நொடிக்கு 30 சுற்று, அது எண்ண முடியாத அதிர்வாக வரும். எஞ்சின் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்டும் அந்த மாதிரிதான். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிரம்மைப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, ரிம் ஓரத்தில் ஒரு கம்பியை அசையாமல் நிறுத்திச் சுற்றினால் ரிம் கோணலா, டயர் கோணலா என்பது தெரிந்துவிடும். எங்கள் ரிம் நேராகத்தான் இருந்தது. டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் வரும் சக்கரம் என்றால் காற்றை முழுதாக இறக்காமல் அதில் கை வைக்கவே கூடாது, தெறித்தால் உயிர் போகும்.

முதல் பட்டறைக்காரரிடம் தேய்ந்த பின்னையும் காட்டர் நட்டின் போட்டோவையும் காட்டினேன். கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார், சாமான் பணத்தைக் கொடுக்கவில்லை. சமீபத்தில் கிங் பின் வேலைக்குப் பணம் கட்டியவர்கள் அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் காட்டர் நட்டைப் பாருங்கள், ஆளை ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள்.