முதுகலைப் பொருளியல் துறையைத் தேர்ந்தெடுக்க ரெபெக் தரவரிசை எவ்வளவு உதவும்?

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இளங்கலைப் பொருளியல் கற்பிக்கிறேன். முதுகலைக்கு எங்கே சேரலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் கேட்பார்கள். கட்டணம், விடுதி, எத்தனை பேருந்து மாற வேண்டும் என்பதோடு அந்த உரையாடல் பெரும்பாலும் முடிந்துவிடும். இந்த ஆண்டு எண்ணூரிலிருந்து வரும் மாணவி ஒருவர், அங்கே கற்பிப்பவர்கள் எதை ஆய்கிறார்கள், அந்த ஆய்வை வெளியுலகம் மதிக்கிறதா என்று கேட்டார். அனல்மின் நிலையச் சாம்பலும் கழிமுகமும் மீனவர் வருமானமும் அவர் வீட்டு வாசலில் இருக்கும் பொருள்கள். சூழலியல் பொருளியலில் முனைவர் பட்டம் வரை செல்லும் எண்ணம் உடையவர். அவருக்காக ரெபெக் என்னும் இணையச் சேவையில் இரண்டு வாரம் செலவிட்டேன். இம்மதிப்புரை அதிலிருந்து எழுந்தது.

ரெபெக் என்பது 1997 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் பொருளியல் ஆய்வுத் தொகுப்பு. ஆய்வாளர்களையும் நிறுவனங்களையும் தரவரிசைப்படுத்தும் அதன் ஐடியாஸ் இணையதளத்தை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி தாங்குகிறது. கட்டணம் இல்லை. இந்தியாவுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு, மாதந்தோறும் புதுப்பிக்கிறார்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்கான நம் அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளிவந்தாலும் அதில் பொருளியலுக்குத் தனிப் பிரிவு கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் முன்னணியில் இருப்பதற்கு வேதியியல் துறையே காரணமாக இருக்கலாம். அதை வைத்துப் பொருளியல் துறையை எடைபோட முடியாது. அந்த அளவில் ரெபெக் மேலானது.

குறை கணக்கிடும் முறையில் இருக்கிறது. தாமாகப் பதிவு செய்துகொண்ட ஆய்வாளர்களின் மதிப்பெண்களைக் கூட்டித்தான் நிறுவனத்தின் இடம் தீர்மானிக்கப்படுகிறது. பதிவு செய்யாதவர் எவ்வளவு எழுதியிருந்தாலும் அந்தக் கணக்கில் இல்லை. கூட்டுத்தொகை என்பதால் நாற்பது பேர் கொண்ட துறை, பத்துப் பேர் கொண்ட சிறந்த துறையை எளிதில் முந்திவிடும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் வேலை நம்முடையது. பணியிடம் மாறிய பேராசிரியர் தம் பதிவைத் திருத்தும் வரை பழைய துறையின் கணக்கிலேயே நிற்பார். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் இப்படி ஒரு பெயரை நம்பிச் சேர்ந்து, முதல் பருவத்தில்தான் அந்தப் பேராசிரியர் வெளிநாடு சென்று நாளாகிவிட்டது என்று அறிந்தார். அன்றிலிருந்து, துறையின் நடப்புப் பருவப் பாட அட்டவணையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் எவருக்கும் பரிந்துரை செய்வதில்லை.

பழம்பெருமையும் இதைப் போன்ற பொறிதான். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்றதும் அமர்த்தியா சென் நினைவுக்கு வருவார். அவர் அங்கே கற்பித்தது 1963 முதல் 1971 வரை. நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915-இல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பிக் கிராம ஆய்வுகளைத் தொடங்கிவைத்தார். அந்த ஊர்களுள் ஒன்றான இருவேல்பட்டு கிராமத்தைப் பின்வந்த தலைமுறைகள் திரும்பத் திரும்பச் சென்று ஆய்ந்தன. 1971-இல் மால்கம் ஆதிசேஷையா அடையாற்றில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் அந்த வரிசையில் உண்டு. ஒரே ஊரை அறுபது எழுபது ஆண்டுகள் விடாமல் கவனிப்பது அரிய உழைப்பு. ஆனால் கணினிக்குக் கிடைக்கும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணும் ஒரு முறையில் இத்தகைய உழைப்புக்கு உரிய எடை விழுவதில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் பட்டியலை மட்டும் படிப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஒட்டுமொத்தப் பட்டியலை விட்டுவிட்டு உட்பிரிவுப் பட்டியல்களுக்குச் சென்றபோதுதான் இந்தச் சேவையின் உண்மையான பயன் தெரிந்தது. சூழலியல் என்று தேடிச் சென்றால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லி மையத்தைச் சேர்ந்த ஈ. சோமநாதன் கண்ணில் படுகிறார். அவர் மூவருடன் சேர்ந்து எழுதி 2021-இல் ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி இதழில் வந்த கட்டுரை, வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இந்தியத் தொழிற்சாலைகளின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது என்று காட்டுகிறது. மணலியிலும் திருவொற்றியூரிலும் மே மாதத்தில் பட்டறைக்குள் நின்றவர்களுக்கு அது புதுச் செய்தியல்ல. அதை அளந்து காட்டியதுதான் சாதனை. அதை எழுதியவர்களுள் ரோகிணி சோமநாதன் டெல்லி ஸ்கூலைச் சேர்ந்தவர். ஆக, ஒரே கட்டுரையின் பெருமை இரண்டு துறைகளுக்கும் போகிறது. துறைக்குத் துறை ஒப்பிடும்போது இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

யார் யாருடைய மாணவர் என்று காட்டும் மரபுவரிசைப் பகுதி ஒன்றும் உண்டு. அதில் பல பெயர்கள் விடுபட்டிருந்தாலும், நன்றாக எழுதும் பேராசிரியர் நல்ல ஆய்வு நெறியாளராகவும் இருக்கிறாரா என்பதை ஊகிக்க அதுவே கையில் உள்ள ஒரே தடயம். அதற்காகவே ஐந்துக்கு மூன்றரை தருகிறேன்; வெறும் தரவரிசைக்கு இரண்டுக்கு மேல் தந்திருக்க மாட்டேன்.

மாணவியின் பட்டியல் இப்போது இரண்டாகச் சுருங்கியிருக்கிறது. புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு கணிதத்தில் கறாரானது. அதை எந்தத் தரவரிசையும் சொல்லாது. ராஜா செல்லையா 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மற்றொன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைப் பொருளியல் நோக்கில் ஆய்ந்த யு. சங்கர் பணியாற்றிய இடம் அது. அது இருக்கும் கோட்டூர்புரத்துக்குக் கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயில் இருக்கிறது. இரண்டிலும் இப்போது கற்பிப்பவர்களின் அண்மைக் கட்டுரைகள் மும்மூன்றை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். படித்து முடித்த பிறகே விண்ணப்பம் என்று பேசியிருக்கிறோம்.