மட்டக்களப்புப் பட்டறைக் கல் அட்டியல்: புரட்டிப் பார்த்த பிறகு ஒரு மதிப்பீடு

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் மூன்று பவுண் கல் அட்டியல். 22 கரட். சிவப்பும் வெள்ளையும் கலந்த கல், நடுவில் மயில் பதக்கம், பின்னால் கூட்டிக் குறைக்கக்கூடிய வளையச் சங்கிலி. மட்டக்களப்பு நகரத்துப் பட்டறைகளில் ஓடர் எடுத்துக் கையால் செய்து தருவது. இதே மாதிரியை அச்சில் அடித்தும் வார்ப்பில் வார்த்தும் ரெடிமேட்டாகக் காத்தான்குடியிலும் கல்முனையிலும் வாங்கலாம். இரண்டுக்கும் தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்துப் புரட்டினால் தெரியும்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். கழுத்தில் போடவும் பிறகு மகளுக்குக் கொடுக்கவும் என்றால் பட்டறை அட்டியல் கொடுத்த காசுக்கு நியாயமான பொருள். அவசரத்துக்கு அடகு வைக்க, விற்க என்று வாங்குவதானால் அட்டியலே வேண்டாம். கல்லில்லாத சங்கிலியோ காப்போ எடுங்கள்.

ஏன் என்பதற்கு அட்டியலின் பின்பக்கம்தான் பதில். கல் அட்டியலில் ஒவ்வொரு கல்லும் அடி மூடிய சின்னக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணத்துக்குள் அரக்கு, அதன்மேல் மினுங்கும் தாள், அதன்மேல் கல், சுற்றிவர மடித்த தங்க விளிம்பு. இது மிகப் பழைய முறை. கல்லைப் பட்டை தீட்டி அதன் உள்ளிருந்தே ஒளி தெறிக்கச் செய்யும் வித்தை கைகூடாத காலத்தில், கல்லுக்குப் பின்னால் தாள் வைத்துத்தான் மினுக்கம் வரவழைத்தார்கள். முகலாய அரண்மனைகளின் குந்தன் வேலையும், தென்னாட்டுக் கோயில் நகைகளின் கெம்புக்கல் வேலையும் இந்தக் குடும்பம்தான். ஐரோப்பாவில் வைரத்துக்குப் பட்டை தீட்டும் கலை வளர வளரக் கல்லின் அடியைத் திறந்துவிட்டார்கள். 1886இல் அமெரிக்காவின் டிஃபனி நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆறு நகப் பிடி மோதிரத்தில் கல் கிட்டத்தட்ட அந்தரத்திலேயே நின்றது. நம்முடைய அட்டியல் மட்டும் அடி மூடியபடியே தொடர்கிறது. அந்த மங்கிய, ஆழமான சிவப்பு திறந்த அடியில் வராது என்பதால் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் மூடிய கிண்ணத்துக்குள் எவ்வளவு அரக்கு இருக்கிறது என்று வெளியில் நின்று யாராலும் சொல்லவும் முடியாது. காசு ஒழுகுகிற ஓட்டை அங்கேதான்.

ஆகவே ஓடர் கொடுக்கும்போதே ஒன்றைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்: கல் வைக்க முன் ஒரு நிறை, வைத்த பின் ஒரு நிறை, இரண்டும் உங்கள் முன்னால். கல் வைக்க முன் 24.00 கிராம் நின்ற அட்டியல், வேலை முடிந்து 27.20 கிராம் நிற்கிறது என்று வையுங்கள். நடுவில் வந்த 3.20 கிராம் கல்லும் அரக்கும் தாளும். அதைத் தங்க விலையில் கணக்குப் போட்டால் 0.4 பவுண் காசைச் சும்மா கொடுத்ததாகும். பட்டறையில் செய்விப்பதன் மிகப்பெரிய நன்மையே இந்த முதல் நிறையைப் பார்க்க முடிவதுதான். ரெடிமேட் அட்டியலில் கடைக்காரர் 'கல் கழிவு' என்று ஒரு தொகையைச் சொல்வார், நம்புவதைத் தவிர வழியில்லை. நேர்மையான கடையில்கூட அது மதிப்புத்தான், அளவை அல்ல.

தங்கத்தின் தரத்துக்கு வருவோம். 22 கரட் என்றால் ஆயிரத்தில் 916.6 பங்கு தங்கம். 8 கிராம் பவுணில் சுத்தத் தங்கம் 7.33 கிராம், மிச்சம் செம்பும் வெள்ளியும். செம்பு கூடினால் நிறம் சிவக்கும், வெள்ளி கூடினால் இளம்பச்சை கலந்த மஞ்சளாகும். நல்ல பத்தர் சிவப்புக்கல் நகைக்குச் செம்பைச் சற்றுத் தூக்கி வைப்பார், கல்லோடு பொருந்தும். 1817இல் வெளிவந்த இங்கிலாந்துச் சவரின் காசும் இதே 22 கரட்தான், நிறை 7.988 கிராம். அதை முழுதாக்கித்தான் கடைத் தராசில் 8 கிராம் ஒரு பவுணாக நிற்கிறது. பழைய தாலிக்கொடிகளில் விக்டோரியா அரசியின் தலை பதித்த அசல் காசு இருந்தால் அதை உருக்கக் கொடுக்காதீர்கள். உலையில் அதற்குப் பவுண் விலைதான், காசாக விற்றால் அதற்கு மேலும் கிடைக்கக்கூடும்.

நகையில் குத்தியிருக்கும் 916 அல்லது 22 என்ற முத்திரையை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு கட்ட வேண்டாம். இந்தியாவில் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க்கில் ஆறு எழுத்து-எண் அடையாளம் இருக்கும். அதையும் இங்கே கடை தன் கையால் குத்துகிற முத்திரையையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். இலங்கையில் 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் தங்கத்தின் தரத்தைப் பரிசோதிக்கும் சேவை உண்டு. பெரிய தொகைக்கு வாங்குகிறவர்கள் பயன்படுத்தலாம். கடைகளில் உள்ள கரட் மெசின் நல்லதுதான், ஆனால் எக்ஸ் கதிர் தங்கத்தின் மேற்பரப்பை மட்டும்தான் வாசிக்கும். முலாம் கனமாக இருந்தால் மெசின் முலாமின் தரத்தைச் சொல்லும். அட்டியலில் முன்பக்கம் ஒரு வாசிப்பு, பின் தகட்டில் ஒன்று, பொடி (துண்டுகளை ஒட்டும் உலோகக் கலவை) வைத்த இணைப்பில் ஒன்று, கொக்கியில் ஒன்று என்று நாலு இடம் கேளுங்கள். முதல் இரண்டும் 91 வீதத்துக்கு மேல் நின்று இணைப்பில் இறங்கினால் அது இயல்பு. இணைப்பில் வெகுவாக இறங்கினால் பொடி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

பொடிதான் கைவேலையின் நாடி. தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும். துண்டுகளை இணைக்க அதற்குக் கீழே உருகும் ஒரு கலவை வேண்டும், வெங்காரம் தடவி ஊதி ஓடவிடுவார்கள். ஒருகாலத்தில் கட்மியம் கலந்த பொடி பரவலாக ஓடியது. இலகுவாக உருகும், தரமும் அதிகம் இறங்காது. ஆனால் அதன் புகை பத்தரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும். இன்னும் 'கேடிஎம்', அதாவது கட்மியப் பொடி வைத்த நகை, என்று பெருமையாக விளம்பரம் செய்கிற கடையைக் கண்டால் அந்தப் பெருமை எதற்கென்று விளங்கவில்லை.

பின்பக்கத்தை ஒரு பத்து மடங்குக் கண்ணாடியில் பாருங்கள். நல்ல வேலையில் இணைப்புக் கோடு மயிரிழைபோல் ஒரே நிறத்தில் ஓடும். மோசமான வேலையில் இணைப்பில் சின்னச் சின்னக் குழிகளும், பரந்து ஓடிய வெளிறிய பட்டையும் தெரியும். குழி விழுந்த இடத்தில்தான் இரண்டு மூன்று வருடத்தில் விரிசல் வரும். அடுத்தது தகடு. அட்டியலின் ஒரு கண்ணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல அழுத்துங்கள். நெளிந்தால் வேண்டாம். அச்சில் அடித்த ரெடிமேட் அட்டியல்கள் பலவும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன, அதே பவுணில் பெரிதாகக் காட்டத் தகட்டை மெலித்திருப்பார்கள். மூன்றாவது வளையங்கள். கண்ணிக்குக் கண்ணி தொடுக்கும் வளையம் ஒன்றையொன்று உரசித் தேயும். கம்பி மெலிந்ததாக இருந்தால் பதக்கத்தின் இரு பக்கத்து வளையங்கள் முதலில் அறும், பாரம் முழுக்க அங்கேதான். அந்த நாலு வளையத்தை மட்டும் தடித்த கம்பியில் போடச் சொல்லுங்கள். அதனால் நிறை அரைக் கிராம்கூட ஏறாது. வளைய வாயைப் பொடி வைத்து மூடியிருக்கிறாரா, வெறுமனே நெருக்கி விட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கல்லைப் பற்றி ஏமாறவும் வேண்டாம், ஏங்கவும் வேண்டாம். அட்டியலில் வைக்கும் சிவப்புக்கல் பெரும்பாலும் செயற்கைக் கல். பிரான்ஸின் ஒகுஸ்த் வெர்னுயில் சுவாலையில் அலுமினாத் தூளை உருக்கிச் செம்மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். அதன் பிறகு உலகமெங்கும் சிவப்புக்கல் மலிந்தது. 'அம்மம்மா காலத்து அசல் மாணிக்கம்' என்று வீட்டில் சொல்லப்படும் பல கற்கள் இந்தச் சுவாலையில் பிறந்தவையாக இருக்கலாம். கண்ணாடியில் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடு நேராக இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கிலாந்து முடியில் இருக்கும் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' என்ற புகழ்பெற்ற கல்லே மாணிக்கமல்ல, ஸ்பினல். வெள்ளைக்கல்லாக வைப்பது 1970களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த கியூபிக் சேர்கோனியா என்ற செயற்கைக் கல். கல்லுக்குத் தனி விலை கேட்டால் கொடுங்கள், மாணிக்க விலை கேட்டால் எழுந்து வாருங்கள்.

பழைய நகையை அழித்துச் செய்விப்பவர்களுக்குக் கணக்கு இன்னொரு மாதிரி. முதலில் கல்லைக் கழற்றி அரக்கை எடுக்க வேண்டும், பிறகு மூசையில் உருக்கிக் கட்டியாக்க வேண்டும், பிறகுதான் தரம் பார்க்க வேண்டும். நகையாக இருக்கும்போது தரம் பார்த்து விலை பேசினால் ஒருவருக்கு நட்டம், அது பெரும்பாலும் நீங்கள்தான். பழைய பொடி முழுக்கக் கலந்துவிடுவதால் கட்டியின் தரம் இறங்கும். 32 கிராம் கட்டி 21 கரட் நின்றால் அதில் சுத்தத் தங்கம் 28 கிராம், 22 கரட்டுக்கு 30.55 கிராம் பெறுமதி. 1.45 கிராம் குறைகிறதே என்று பத்தரோடு சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை, அது முதலே இல்லாத தங்கம். ஆனால் அந்த 21ஐ நீங்களும் மெசினில் பார்த்திருக்க வேண்டும், கட்டியின் இரண்டு முனையிலும்.

செய்கூலியும் சேதாரமும் வேறு வேறு. சேதாரம் என்பது அரம் போட, மினுக்க, உருக்கத் தொலைகிற தங்கம். அதில் ஒரு பகுதி பட்டறைத் தூளிலிருந்து பத்தருக்குத் திரும்பவும் கிடைக்கும். 24 கிராமுக்கு 8 வீதம் என்று பேசினால் 1.92 கிராம், கால் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. கல் அட்டியலுக்கு அரம் வேலை அதிகம் என்பதால் சங்கிலியைவிடக் கூடக் கேட்பது நியாயம்தான். இரண்டையும் சேர்த்து 'எல்லாம் பார்த்து இவ்வளவு' என்று சொன்னால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் கரட், மொத்த நிறை, தங்க நிறை, கல் நிறை, கூலி, சேதாரம், அன்றைய பவுண் விலை, திருப்பி எடுத்தால் கழிக்கும் வீதம் எல்லாம் இருக்க வேண்டும். தங்க விலை கொழும்புச் செட்டியார் தெருவைப் பார்த்து நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால், முற்பணம் கொடுத்த நாளின் விலையா எடுக்கிற நாளின் விலையா என்பதை முதலே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள், நல்ல பட்டறைகள் கோபிப்பதில்லை.

அடகுக் கடையிலும் வங்கியிலும் இதே அட்டியலுக்கு வேறு கதை. மதிப்பீட்டாளர் உங்கள் கல் வைக்க முன் நிறைச் சீட்டை நம்ப வேண்டிய கட்டாயமில்லை. மூடிய கிண்ணத்தைப் பார்த்துத் தாராளமாகக் கழிப்பார், அவர் இடத்தில் யாரானாலும் அப்படித்தான். இந்தப் பக்கத்தில் மகளுக்கு வீட்டோடு நகையும் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் பவுண் கணக்கு எப்போதும் பேச்சில் நிற்கும். அந்தப் பேச்சில் 27 கிராம் அட்டியலை 27 கிராம் தங்கமாக எண்ணுவதுதான் பிறகு மனத்தாங்கலுக்கு விதை.

போட்டுப் பார்த்தால் எப்படி? அட்டியலின் உள்சுற்று 38 முதல் 40 சென்ரிமீற்றர் வரை இருந்தால் கழுத்தெலும்பில் அழகாக உட்காரும். பின்னால் 5 சென்ரிமீற்றர் கூட்டும் சங்கிலி அவசியம். கூறைக்கு எடுப்பானது, ஆனால் இப்போது பரவியிருக்கும் மூடிய கழுத்து பிளவுசுக்கு அட்டியல் ஒத்துவராது, துணிமேல் ஏறிப் புரளும். அதற்கு நீள ஆரம்தான். பதக்கம் அடிக்கடி குப்புற விழுந்தால் மேல்பாரம் கூடிவிட்டது. பதக்கத்தின் தொங்கல் வளையங்களைக் கொஞ்சம் மேலேற்றி வைத்தால் தீரும், அரை மணி நேர வேலை.

ஒருநாள் கல்யாணத்துக்கு மட்டும் என்றால் கவரிங் போதும். 1920களில் கொக்கோ ஷனெல் பாரிஸில் போலி முத்தை அசல் நகையோடு கலந்து போட்டுக் காட்டியதிலிருந்து போலி நகை போடுவதும் ஒரு நாகரிகம்தான். கழுத்துக் கடித்தால் முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கக்கூடும், மாற்றுங்கள்.

பராமரிப்பில் ஒரு தவறு பொதுவாக நடக்கிறது. சங்கிலியைப் போல அட்டியலையும் சவர்க்கார வெந்நீரில் ஊறப் போடுகிறார்கள். தண்ணீர் விளிம்பால் இறங்கித் தாளைக் கறுக்க வைக்கும், சூடு அரக்கை இளக்கும். பிறகு கல் ஒவ்வொன்றாகச் செத்த கண்போல் மங்கும், ஒன்றிரண்டு ஆடவும் தொடங்கும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த மென்தூரிகையால் இடுக்கைத் தட்டினால் போதும். சந்தனமும் வாசனைத் தைலமும் பூசி முடித்த பிறகே அட்டியலைப் போட வேண்டும். உடைந்த வளையத்தை ஒட்டக் கொடுக்கும்போது 'பக்கத்துக் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும்' என்று சொல்லிக் கொடுங்கள். கழற்றாமல் ஊதினால் அரக்குக் கொதித்துக் கல் வெடிக்கும்.

செட்டாக எடுப்பவர்களுக்கு: அட்டியலும் பதக்கமும் பட்டறையில் செய்வியுங்கள், தோடும் ஜிமிக்கியும் ரெடிமேட்டாகவே வாங்குங்கள். தோட்டுச் சுரையின் புரி கையால் வெட்டியதைவிட மெசினில் வெட்டியது நன்றாகப் பிடிக்கிறது. கழன்று தொலைகிற நகைகளில் முதலிடம் தோட்டுக்குத்தான்.