ஜன்னலோரமா, திறந்த நிழலா?

ஃபிளாஷ் இல்லாமல் முகப்படம் எடுக்க எளிதில் கிடைக்கிற மென்மையான வெளிச்சம் இரண்டு. ஒன்று ஜன்னல் வழியாக வருவது, மற்றது வெளியே கட்டடமோ மரமோ தரும் நிழலில், அதாவது திறந்த நிழலில், கிடைப்பது. உச்சி வெயிலில் ஆளை நிறுத்தி எடுப்பதை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். கண்குழியும் மூக்கின் அடியும் கறுத்துவிடும்.

வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்தால் நிழலுக்குத்தான் வெற்றி. தெளிவான வெயில் நாளில் திறந்த நிழல், நேர் வெயிலைவிடச் சுமார் 3 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும்). ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 200, எஃப் (லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது) 4 வைத்தாலும் ஷட்டர் 1/400 நொடி கிடைக்கும், ஓடியாடும் குழந்தையும் கலங்காமல் விழும். ஜன்னலோரத்தில் எஃப் 2.8, 1/125 வைக்கவே ஐஎஸ்ஓ 800 வரை ஏற்ற வேண்டியிருக்கும். ஐந்தாறு பேர் சேர்ந்த படமென்றால் யோசிக்காமல் வெளியே போய்விடலாம்.

ஒருவர், இருவர் என்றால் ஜன்னல்தான். காரணம், முகத்தில் விழும் நிழலின் அளவு நம் கையில் இருக்கிறது. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், நாற்காலியை நகர்த்தினால் போதும்.

3 அடி அகலம், 4 அடி உயரமுள்ள ஜன்னலை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 3 அடியில் ஒருவரை, ஜன்னலுக்கு 45 டிகிரி திரும்பியபடி உட்காரவையுங்கள். அந்தத் தூரத்தில் ஜன்னல் முகத்துக்குப் பெரிய விளக்கு மாதிரி. அதனால் மூக்கின் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது. ஜன்னலிலிருந்து 9 அடி தள்ளியிருக்கும் பின்சுவரில் வெளிச்சம் 2 ஸ்டாப்புக்கு மேலேயே குறைந்துவிடும், பின்னணி தானாக இருளும். வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த சின்ன அறையில் இந்தக் கணக்கு அப்படியே வராது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளி எல்லாவற்றையும் கொஞ்சம் நிரப்பிவிடும்.

அதே ஆளை 6 அடிக்குத் தள்ளினால் முகத்தில் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் இறங்கும். நிழல் இன்னும் மென்மையாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. தள்ளிப் பார்த்தால் ஜன்னல் சிறியது, அதனால் நிழலின் விளிம்பு இறுகும். முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசமும் சுருங்கிவிடும். கன்னத்தின் இருண்ட பக்கம் மட்டும் உறுத்தினால் ஆளை நகர்த்த வேண்டாம். அந்தப் பக்கம் 2 அடி தூரத்தில் வெள்ளை சார்ட் அட்டையைப் பிடித்தால் சரியாகிவிடும். முகத்துக்கு உருவம் தருவதே அந்த இருள்தான் என்பதால் முழுக்க நிரப்பிவிடவும் கூடாது.

கெடுவது பெரும்பாலும் இரண்டே இடத்தில். மஞ்சள் அறை விளக்கு எரிந்தால் அதன் 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு) நிறம், நிழல் பக்கத்தில் போய் அப்பிக்கொள்ளும். ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன் அமைப்பை) எப்படித் திருகினாலும் ஒரு பக்கம் மஞ்சளாகவோ மறு பக்கம் நீலமாகவோ நிற்கும். விளக்கை அணையுங்கள். அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு: இருண்ட அறையைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், ஜன்னல் பக்கக் கன்னம் வெளுக்கும். போனில் அந்தக் கன்னத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். எச்டிஆர் (இருளையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் வசதி) நிழலைத் தூக்கி முகத்தைத் தட்டையாக்கினால் அதையும் அணைத்துப் பாருங்கள். எந்த அளவுக்குத் தூக்கும் என்பது போனுக்குப் போன் மாறும். வெயில் நேராக உள்ளே விழும் வேளையில் மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் தொங்கவிட வேண்டும்.

வெளியேதான் எடுத்தாக வேண்டுமென்றால் கூரையுள்ள நிழலைத் தேடுங்கள். சுவரின் நிழலில் மட்டும் நின்றால் தலைக்கு மேலே வானம் திறந்திருக்கும், நெற்றி பளிச்சிட்டுக் கண்கள் குழிந்து தெரியும். வராண்டாவில் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே வந்து வெளியே பார்க்க நிறுத்தினால், மேலிருந்து விழும் ஒளியைக் கூரை தடுத்துவிடும், முகத்துக்கு முன்னாலிருந்தே ஒளி வரும். சொல்லப்போனால் அது சுவரில்லாத ஜன்னல்! நீல வானத்தின் சாயலுக்கு ஒயிட் பேலன்ஸை 7000 கெல்வின் பக்கம் வையுங்கள். மரத்தடியில் தாடைக்குக் கீழே புல்லின் பச்சை ஏறும், அதைக்கூட ஓரளவு திருத்தலாம். இலைச் சந்தில் வழியும் வெயில் பொட்டு கன்னத்தில் பட்டு வெளுத்துவிட்டால், அந்த இடத்தின் தோல் விவரம் எடிட்டிங்கிலும் திரும்பாது.