தனி சவுண்ட் கார்டு தேவைதானா? பல்லடத்திலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

"ஏனுங்க, பாட்டுக் கேக்கறதுக்குப் போர்டுல வர்ற சவுண்டே போதுமுங்களே?" என்றுதான் காந்திபுரத்துக் கடைக்காரர் முதலில் கேட்டார். அவர் சொன்னது சரியே. பாட்டுக் கேட்பது மட்டுமே வேலை என்றால் நானும் கணினிக்குள் தனியாகப் பொருத்தும் ஒலிக் கார்டை நாடியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் பாடப்பட்ட அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டுகள் அப்பா காலத்திலிருந்து கேசட்டுகளில் கிடந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டின் லைன்-இன் (வெளிக்கருவியின் ஒலியை உள்வாங்கும் ஜாக்) வழியாகப் பதிவு செய்தபோது, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில், மவுஸை நகர்த்துவதற்கேற்ப மெல்லிய கீச்சொலி ஒன்று ஏறி இறங்கியது.

ஆகவே கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஆடிஜி எஃப்எக்ஸ் வாங்கினேன். இது மதர்போர்டின் சிறிய ஸ்லாட்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் x1 கார்டு. நீளமான x16 ஸ்லாட்டிலும் வேலை செய்யும் என்பதால், கிராபிக்ஸ் கார்டிலிருந்து எட்ட இருந்த கடைசி ஸ்லாட்டைத் தேர்ந்தெடுத்தேன். மின் இணைப்பைப் பிடுங்கி, கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டுத்தான் கார்டைக் கையில் எடுக்க வேண்டும். கார்டு ஸ்லாட்டில் சீராக இறங்கினாலும் பின்புறத் திருகை முடுக்காமல் விடக்கூடாது. ஜாக்கைச் செருகிப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் கார்டு அசையும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் மதர்போர்டின் ஒலியமைப்பை நிறுத்தி வைத்தேன். கட்டாயமில்லை, ஆனால் எந்தக் கருவியிலிருந்து பதிவாகிறது என்ற குழப்பம் மிஞ்சாது.

கீச்சொலி அன்றே நின்றது. ஆனால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் மட்டும் அப்படியே இருந்தது. அது கணினிக்குள் பிறந்ததல்ல. கேசட்டை ஓட்டும் டெக்கும் ஆம்ப்ளிஃபையரும் ஒரு சுவர்ப் பிளக்கிலும் கணினி வேறொரு பிளக்கிலும் இருந்ததால், இரண்டு எர்த்துகளுக்கிடையே கேபிள் வழியாக ஒரு சுற்று உருவாகியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியதும் உறுமல் பெரும்பாலும் அடங்கியது. அதற்குச் செலவு ஏதுமில்லை. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் விழும்போது பதிவில் கேட்கும் 'டப்' ஒலியோ இன்றுவரை போகவில்லை. கார்டு வாங்க நினைப்பவர்கள், இரைச்சல் கணினிக்குள்ளிருந்து வருகிறதா, சுவரிலிருந்து வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. டெக்கிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிய பிறகும் பதிவில் இரைச்சல் இருந்தால் மட்டுமே கார்டு உதவும்.

லைன்-இன்னுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஜாக் இருப்பதே எனக்கு இந்தக் கார்டில் மிகவும் பயன்பட்டது. டெக்கின் வெளியீட்டை மைக் ஜாக்கில் செருகினால் ஒலி உடைந்துதான் வரும். உடுக்கையின் அடி சட்டென எகிறும் என்பதால், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் உச்சம், ஒலி உடையும் எல்லையான 0-வுக்குக் கீழே, கழித்தல் 6 டெசிபெலைத் தாண்டாமல் அளவை வைத்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிகிறேன். கேசட்டின் அரை மணி நேரப் பக்கம் ஒன்று வேவ் கோப்பாக ஏறத்தாழ 520 எம்பி வருகிறது.

பராமரிப்பு என்று சொல்லப்போனால், விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசிதான் தொல்லை. இடது பக்க ஒலி விட்டுவிட்டு வந்தபோது கார்டைக் கழற்றத் தேவைப்படவில்லை. ஜாக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பிளக்கைச் சிலமுறை செருகி எடுத்ததும் சரியாயிற்று. லேப்டாப்பில் இந்தக் கார்டைப் பொருத்த முடியாது என்பதால், அதை வைத்திருப்பவர்கள் லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஒலிக்கருவி ஒன்றைப் பார்க்கலாம்.