கோடோ 4: நம்பி இறங்கலாமா?

கணினி, ஃபோன் விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான கோடோ என்ஜினைச் சிறு ஸ்டுடியோக்கள் பலவற்றைத் திரும்பிப் பார்க்க வைத்தது 2023 செப்டம்பர் 12 அன்று போட்டி என்ஜினான யுனிட்டியின் நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு. வருமானமும் இன்ஸ்டால் எண்ணிக்கையும் ஒரு வரம்பைத் தாண்டினால், புதிய இன்ஸ்டால் ஒவ்வொன்றுக்கும் 20 சென்ட் வரை கட்டணம். ஏற்கெனவே விற்பனையில் இருந்த விளையாட்டுகளும் அதில் சிக்கின. பத்து நாளில் விதியைத் தளர்த்தினார்கள். அடுத்த மாதமே தலைமை நிர்வாகி ஜான் ரிச்சிடெல்லோ விலகினார். 2024 செப்டம்பரில் கட்டணமே ரத்தானது. ஆனாலும் விளையாட்டை விற்கத் தொடங்கிய பிறகும் கணக்கு மாறலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கோடோவில் அந்தப் பயம் இல்லை. அதை உருவாக்கிய ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் 2014-இல் மூல நிரலை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் பதிப்பை யாரும் திரும்பப் பெற முடியாது, ராயல்டியும் கிடையாது. ஒரே கடமை, உரிம வாசகத்தை விளையாட்டோடு சேர்த்துத் தருவது. கிரெடிட்ஸ் திரையில் போட்டால் போதும்.

ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. அவற்றை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடியும் என்பதுதான் இந்த என்ஜின்மேல் எனக்குள்ள மதிப்பு.

முதலில் கோப்புகள். சீன் (விளையாட்டின் காட்சி), ரிசோர்ஸ் (அதில் பயன்படும் தரவு) எல்லாம் வழக்கமாக வெறும் உரைக் கோப்புகள் என்பதால், மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியான கிட்டில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று அப்படியே படிக்கலாம். கோடோ 4.4 முதல் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் (நிரல் கோப்பு) பக்கத்தில் அதன் அடையாள எண்ணைத் தாங்கும் ஒரு யூஐடி கோப்பு முளைக்கிறது. குப்பை என்று நினைத்து அதை கிட் இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) போடுபவர்கள் உண்டு. போட்டால் ஒவ்வொருவர் கணினியிலும் வேறு வேறு எண் உருவாகி, சீன்களில் இருக்கும் இணைப்புகள் குழம்பும். கட்டாயம் கமிட் செய்யுங்கள், அதாவது கிட்டில் பதிவு செய்யுங்கள். கோப்பை இடம் மாற்றும்போது எடிட்டருக்குள்ளிருந்தே மாற்றுங்கள்; வெளியிலிருந்து மாற்றினால் யூஐடி கோப்பும் கூடவே போக வேண்டும். விளையாட்டை வெளியிடும் வடிவத்துக்கு மாற்ற உதவும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் எடிட்டரின் பதிப்போடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். ஆண்ட்ராய்டு செயலியில் உங்கள் கையொப்பமிடும் சாவிக் கோப்பான கீஸ்டோரின் கடவுச்சொல் ப்ராஜெக்டில் மறைவாக உள்ள .godot ஃபோல்டருக்குள் இருக்கிறது, கிட்டுக்குப் போகாது. புதுக் கணினியில் வெளியீட்டுக்கான ரிலீஸ் பில்ட் தோற்றால் முதலில் அங்கே பாருங்கள்.

அடுத்து ஃபோன். ஆண்ட்ராய்டில் கோடோவின் மொபைல் ரெண்டரர் (திரையில் படம் வரையும் பகுதி) வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகத்தை நம்பி ஓடுகிறது. பழைய, விலை குறைந்த ஃபோன்கள் சிலவற்றில் வல்கன் இருந்தும் டிரைவர் சொதப்பும்: கறுப்புத் திரை, அல்லது தொடங்கியதும் மூடிக்கொள்ளும். 2டி விளையாட்டென்றால் ப்ராஜெக்ட் உருவாக்கும்போதே, வல்கன் தேவைப்படாத கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள். பாதி வழியில் மாற்றினால் ஒளியும் நிறமும் மாறிப்போய் கலைஞரின் வேலை இரட்டிப்பாகும்.

சி ஷார்ப் மொழியில் எழுதி வெப்பில் வெளியிடும் எண்ணமிருந்தால் கோடோ 4-இல் அது நடக்காது, கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலுக்குப் போகப் பெரும்பாலும் வெளி நிறுவனம் ஒன்றை நாட வேண்டியிருக்கும்; அந்தச் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

மிகப் பெரிய கேள்வி பிளகின்கள், அதாவது என்ஜினோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள். விளம்பரமும் இன்-ஆப் பர்ச்சேஸும் என்ஜினுக்குள் இல்லை. கூகுள், பிளே ஸ்டோரில் பணம் செலுத்த உதவும் தன் பில்லிங் லைப்ரரியின் பழைய பதிப்புகளைக் காலக்கெடு வைத்து நிறுத்திக்கொண்டே இருக்கிறது. பிளகினைப் பராமரிப்பவர் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் உங்கள் அப்டேட்டைப் பிளே ஸ்டோர் ஏற்காது. என்ஜினுக்கு வைக்கும் நம்பிக்கையை யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதும் பிளகினுக்கும் கண்மூடி வைக்காதீர்கள். கடைசி கமிட் எப்போது, எத்தனை பேர் எழுதுகிறார்கள், பதில் வராத புகார்கள் எத்தனை என்று பாருங்கள். பிறகு ஒரு பொத்தான் மட்டும் உள்ள வெற்று விளையாட்டில் கிரேடில் பில்டை (பிளகின்களைச் சேர்த்து ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டும் முறை) இயக்கி, ஒரு விளம்பரம், ஒரு பர்ச்சேஸ் சேர்த்து, பிளே ஸ்டோர் நிர்வாகத் தளமான பிளே கன்சோலின் இன்டர்னல் டெஸ்டிங்கில் ஏற்றி, கைக்குக் கிடைத்த மிகப் பழைய ஃபோனில் வாங்கிப் பாருங்கள். அது ஓடிய பிறகு முதல் லெவலைத் தொடங்கலாம்.