புல்தரையில் சருகு மெத்தை: வாரியா, இயந்திரமா?

சென்ற ஆடி மாதத்தில் மாலை மழை பலமுறை பெய்தும், மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் புல்தரை பழுத்தே கிடந்தது. கால் வைத்தால் மெத்தைபோல் அமிழ்ந்தது. கத்தியால் ஒரு சிறு துண்டை மண்ணோடு அறுத்தெடுத்துப் பார்த்தேன். பச்சை இலைக்கும் மண்ணுக்கும் நடுவே ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குக் காய்ந்த தண்டும் வேரும் பின்னிக் கிடந்தன. மேலடுக்கு ஈரமாக இருக்க, அடியிலிருந்த மண் கைப்பட்டதும் உதிர்ந்தது. இந்தச் சருகு மெத்தை அரை அங்குலத்துக்குள் இருந்தால் வேரை வெயிலிலிருந்து காக்கும். அதைத் தாண்டினால் அகற்றத்தான் வேண்டும்.

செங்குத்துக் கத்திகள் சுழலும் இயந்திரம் வேகமானது, வாடகை கூடுதல். இரும்புப் பல் வாரி மலிவு, முதுகு வலிக்கும். ஆனால், எதைத் தேர்வது என்பதை முடிவு செய்வது புல் எங்கிருந்து மறுபடி துளிர்க்கிறது என்பதே. பெர்முடா புல்லுக்கு மண்ணுக்கடியிலும் தண்டுகள் ஓடுவதால், மேலே எவ்வளவு கிழித்தாலும் அது கீழிருந்து முளைத்து வந்துவிடும். மாமர நிழலில் நாங்கள் வளர்க்கும் அகன்ற இலைப் பஃபலோ புல்லுக்கோ தரைமேல் படரும் கொடிகள்தாம் உயிர். அவை அறுந்தால் துளிர்க்க அடியில் ஒன்றுமில்லை. வாடகை இயந்திரத்தை அங்கே ஒரு முழ அகலத்துக்கு ஓட்டியதுமே சருகோடு பச்சைக் கொடிகளும் சுருளாகப் பிடுங்கி வந்து வெறும் மண் தெரிந்ததால், உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

மீதியை வாரியால்தான் எடுத்தேன். உயிருள்ள கொடி பல்லில் மாட்டும்போது கை அதை உணர்ந்து தளர்கிறது. எந்த ஆழத்துக்கு அமைத்தாலும் மேடு கண்ட இடத்தில் கூடுதலாகச் சுரண்டும் இயந்திரத்துக்கு அந்த உணர்வு கிடையாது. ஒரே நாளில் முழுவதையும் எடுக்காமல், மூன்று வார இடைவெளியில் இருமுறை வாரி, மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தூவினேன். புல் விரைந்து வளரும் ஆடி, ஆவணியே இதற்கு ஏற்றவை. கத்திரி வெயிலில் காயம் ஆறாது, ஐப்பசி மழையிலோ தரை சேறாகிவிடும்.

பெர்முடா மட்டுமே உள்ள பெரிய மைதானத்துக்கு இயந்திரமே சரி. மெதுவாக வளரும் கொரியன் புல்லில் எனக்கு அனுபவம் குறைவு. அதற்கும் வாரியையே முதலில் எடுப்பேன். வெட்டிய புல் நுனிகள் விரைவில் மக்கிவிடுவதால் அவற்றைத் தரையிலேயே விடுகிறேன். சருகு மீண்டும் சேராமலிருக்க, அளவுக்கு மிஞ்சிப் போட்டுவந்த யூரியாவைத்தான் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.